நிழற்படமும் அதன் சட்டமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. நிழற்படத்திற்கும் இது பொருந்தும். படம் நிலைக்க வேண்டுமாயின் அதனைத் தாங்கும் அட்டையும், மூடும் கண்ணாடியும், பிணைக்கும் சட்டமும் செவ்வையாக அமைதல் வேண்டும். ஆனால் நம்மில் பலர் சட்டத்தை ஓர் அணிகலனாகவே கருதுகிறோம். கடையில் படத்தைக் கொடுத்து, சட்டம் தங்க நிறமா கறுப்பு நிறமா என்று சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்தது. படத்தின் முதுகில் எதை ஒட்டுகிறார்கள், கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்து, பாட்டனாரின் முகம் பழுப்பேறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பிறகே அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது விடை கிடைத்தும் பயனில்லை.

நிழற்படத்திற்கு வீட்டிலேயே சட்டமிடுவது அரிய கலையன்று. ஓர் அளவுகோலும், கூரிய கத்தியும், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதும் போதும். எனினும் கையின் திறமையைவிடக் காரணத்தை அறிந்து செய்தல் முக்கியம். ஆதலின் செய்முறைக்கு முன்னர், இந்நகரத்தோடு தொடர்புடைய ஒரு வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

தீன் தயாளின் அட்டைகள்

ஐதராபாத்தையும் நிழற்படத்தையும் சேர்த்து எண்ணுவோர்க்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் இராஜா தீன் தயாள். மீரட்டை அடுத்த சர்தனாவில் 1844-ஆம் ஆண்டு பிறந்தவர். ரூர்க்கியிலிருந்த தாம்சன் பொறியியற் கல்லூரியில் பயின்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். ஓய்வு வேளையில் பழகிய கலையே பின்னர் அவர் தொழிலாயிற்று. ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலி கான் அவரைத் தம் அரசவை நிழற்படக் கலைஞராக அமர்த்தினார். 1880-களில் செகந்தராபாத்தில் அவருடைய நிலையம் தோன்றியது. கோஷாப் பெண்டிர் தயக்கமின்றி வந்து படம் எடுத்துக்கொள்ள, பெண்களே நடத்தும் தனி நிலையம் ஒன்றை 1892-இல் ஐதராபாத்தில் திறந்தார். நிஜாம் 1894-இல் அவருக்கு ‘ராஜா பகதூர் முசவ்விர் ஜங்’ என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தார். 1905-இல் அவர் மறைந்தார்.

அவர் காலத்துப் படங்களை அருங்காட்சியகத்தில் காண்போர் ஒன்றைக் கவனிக்கலாம். படங்கள் தனித் தாளாக இருப்பது அரிது. தடித்த அட்டையின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். அட்டையின் அடியில் நிலையத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். இது வெறும் விளம்பரத்திற்காக எழுந்த வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரும்பாலான படங்கள் முட்டை வெண்கருத் தாளில் அச்சிடப்பட்டன. 1850-இல் பிரெஞ்சு நாட்டு பிளாங்கார்-எவ்ரார் வெளிப்படுத்திய முறை அது. மெல்லிய தாளின்மேல் உப்புக் கலந்த முட்டை வெண்கருவைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் மிதக்கவிட்டு, உலர்த்தி, நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைப்பர். அத்தாள் மிக மெல்லியது. உலர்ந்ததும் ஓலைச் சுருள்போலச் சுருண்டுகொள்ளும். அதனை நேராக நிறுத்தவே மாவுப் பசையால் அட்டையில் ஒட்டினர். ஆகவே அட்டை அன்று அலங்காரமன்று, படத்தின் முதுகெலும்பு.

அந்த முதுகெலும்பே பின்னாளில் படத்திற்குப் பகையானதுதான் விந்தை. அக்காலத்து மலிவான அட்டைகள் மரக்கூழால் ஆனவை. மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் உண்டு. காற்றும் ஒளியும் பட அது பழுப்பாகி அமிலத்தை உண்டாக்கும். தாளில் மை பரவாதிருக்கச் சேர்த்த படிகாரமும் அமிலத்தன்மை உடையது. அவ்வமிலம் அட்டையை உளுத்த அப்பளம்போல் நொறுங்கச் செய்கிறது. அட்டை முறிந்தால் அதில் ஒட்டிய படமும் முறிகிறது. கலைஞர் செய்த பிழை ஒன்றுமில்லை. அட்டை செய்த வினை அது.

தீன் தயாளின் படைப்புக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. அவருடைய நிலையத்துக் கண்ணாடி நெகட்டிவ்களில் 2,800-க்கு மேற்பட்டவை புது தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஒரு படம் அழிந்தால், நெகட்டிவ் உள்ளவரை இன்னொன்று அச்சிடலாம். நம் வீட்டுப் படங்களுக்கு அத்தகைய காப்பு எங்கே? கும்பகோணத்திலோ மதுரையிலோ செகந்தராபாத்திலோ என்றோ மூடப்பட்ட ஒரு நிலையத்தில் எடுத்த திருமணப் படம். நெகட்டிவ் போன இடம் தெரியாது. சுவரில் தொங்கும் அந்த ஒரு தாளே அதன் முதலும் முடிவும். அரசவைப் படத்தைவிட நம் கூடத்துப் படத்திற்குத்தான் நல்ல சட்டம் மிகுதியும் தேவை.

படத்தின் பகைவர்கள்

நிழற்படத்தை அழிப்பவற்றை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதற்பகை அமிலம். மலிவான மவுண்ட் அட்டையை வெட்டிப் படத்தின்மேல் வைத்தால், சில ஆண்டுகளில் வெட்டிய விளிம்பை ஒட்டிப் படத்தில் ஒரு பழுப்புக் கோடு விழும். பின்புறம் செருகும் செய்தித்தாள், ஒட்டுப்பலகை, ஹார்டுபோர்டு ஆகியனவும் இவ்வாறே தீங்கு விளைப்பன.

இரண்டாவது ஈரம். கறுப்பு வெள்ளைப் படமாயினும் பழைய வண்ணப் படமாயினும் அதன் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது பருத்துப் பசைபோலாகும். கண்ணாடி அதனைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடும். ஐதராபாத்தின் தட்பவெப்பத்தை எண்ணிப் பாருங்கள். மே மாதத்தில் 40 பாகைக்கு மேற்பட்ட வறண்ட வெப்பம். சூன் முதல் செப்டம்பர் வரை மழைக்கால ஈரம். படம் ஆண்டுதோறும் விரிந்து சுருங்குகிறது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் ஈரம் ஆண்டு முழுவதும் உண்டு.

மூன்றாவது ஒளி. ஒளியின் கேடு மீளாதது. மங்கிய வண்ணத்தை எந்த மருந்தும் மீட்பதில்லை. இதனாலேயே அருங்காட்சியகங்கள் எளிதில் மங்கும் படங்களுக்கு 50 லக்ஸ் அளவான மெல்லொளியே போதும் என வரையறுத்துள்ளன.

நான்காவது பசை. செல்லோடேப்பின் பசை மஞ்சளித்துத் தாளுக்குள் ஊறும். ரப்பர்ப் பசையிலுள்ள கந்தகம் படத்தின் வெள்ளியைத் தாக்கும். பெவிகால் பிடித்தபின் விடாது. பிடித்ததை விடாமை மனிதர்க்குக் குணமாகலாம், படத்திற்குக் குற்றமே.

ஐந்தாவது பூச்சி. வெள்ளிப்பூச்சிக்கு ஜெலட்டினும் மாவுப் பசையும் உணவு. கறையானுக்கோ சட்டமே உணவு.

இவ்வைந்தையும் நோக்கினால் இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஒன்று: படத்தைத் தொடுவது எதுவாயினும் தூயதாய் இருக்க வேண்டும், கண்ணாடி அதனைத் தொடவே கூடாது. மற்றொன்று: நாம் இன்று செய்வதை நாளை ஒருவர் படத்திற்குக் கேடின்றிப் பிரித்தெடுக்கக் கூடியதாய் இருக்க வேண்டும். சட்டமிடும் கலை முழுவதும் இவ்விரண்டு விதிகளுள் அடங்கும்.

மவுண்ட் அட்டையின் பணி

சட்டத்தினுள் படத்தைச் சுற்றி அகன்ற வெள்ளை ஓரம் ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நடுவில் சாளரம் வெட்டிய அட்டை அது. கண்ணுக்கு அமைதி தருவதற்காக வைத்தது என்று பலர் எண்ணுவர். அதுவும் உண்மையே. ஆயின் அதன் முதற்பணி வேறு: கண்ணாடியைப் படத்திலிருந்து தள்ளி நிறுத்துவது. ஒன்றரை மில்லிமீட்டர்த் தடிப்புள்ள அட்டை அந்த அளவு காற்றிடைவெளியைத் தருகிறது. படம் மூச்சுவிட அது போதும்.

அட்டை வாங்கும்போது பருத்திக் கூழால் ஆனதா, அமிலமற்றதா எனக் கேட்க வேண்டும். ஓவியக் கருவிகள் விற்கும் பெரிய கடைகளில் இவை கிடைக்கும். ‘அமிலமற்றது’ என்னும் சொல் மட்டும் முழு உறுதி ஆகாது. நிழற்படத்திற்கு ஏற்றதா என்பதைக் காண ஐ.எஸ்.ஓ. 18916 என்னும் அனைத்துலகச் சோதனை உண்டு. அட்டையை நிழற்படப் பொருளோடு சேர்த்து, 70 பாகை வெப்பத்திலும் 86 விழுக்காட்டு ஈரத்திலும் பதினைந்து நாள் வைத்து, கறையோ மங்கலோ தோன்றுகிறதா எனப் பார்ப்பர். அச்சோதனையில் தேறிய அட்டை எனில் ஐயமின்றி வாங்கலாம். விலை மிகுதியாயிற்றே என்று தயங்குவோர் சட்டத்தின் பகட்டில் குறைத்துக்கொள்ளலாம். அட்டையில் குறைத்தல் ஆகாது.

அளவு காணும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவோம். படம் 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உடையது. சட்டம் கடைகளில் எளிதில் கிடைக்கும் 12-க்கு 15 அங்குல அளவு.

சாளரம் படத்தின் ஓரத்தைப் பக்கத்திற்குக் கால் அங்குலம் மூட வேண்டும். ஆகவே சாளரத்தின் அகலம் 7½, உயரம் 9½. அட்டையின் அகலம் 12-இலிருந்து 7½-ஐக் கழித்தால் மிச்சம் 4½. இடமும் வலமும் பக்கத்திற்கு 2¼ அங்குலம். உயரம் 15-இலிருந்து 9½-ஐக் கழித்தால் 5½. இதனை மேலே 2½, கீழே 3 எனப் பிரிக்க வேண்டும். சரிபாதியாகப் பிரித்தால் படம் கீழே சரிவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். அடிப்பகுதிக்குச் சற்றுக் கூடுதல் இடம் தருவது இதனால்தான்.

சட்டம் வாங்குமுன் அதன் உட்பள்ளத்தின் ஆழத்தையும் பாருங்கள். கண்ணாடி 2 மில்லிமீட்டர், சாளர அட்டை 1½, பின்னட்டை 1½, காப்புப் பலகை 3, மொத்தம் 8. உட்பள்ளம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாதிருந்தால் ஆணி அடிக்க இடம் இருக்கும். சட்டத்தின் உள்ளளவு அட்டையின் அளவைவிட அரைக்கால் அங்குலம் மிகுதியாக இருத்தல் நலம். மழைக்காலத்தில் அட்டை விரியும், இடமில்லாவிட்டால் வளைந்துவிடும்.

செய்முறை

முதலில் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். விரலின் வியர்வையும் எண்ணெயும் பிற்காலத்தில் படத்தின்மேல் ரேகையாகத் தோன்றும். மேசையில் தூய வெள்ளைத் தாளை விரித்து, வேறெதுவும் தொடங்குமுன் படத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாளரத்தின் அளவை அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் குறியுங்கள். அடியில் பழைய அட்டை ஒன்றை வைத்து, எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்து, புதிய அலகு பூட்டிய கத்தியால் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயலாதீர்கள். மெல்ல மூன்று நான்கு முறை இழுங்கள். மூலையில் வெட்டு முடியாமல் நின்றால் பிய்க்காமல், அலகின் நுனியால் அறுத்து விடுங்கள். சரிவான விளிம்பு வெட்டத் தனிக் கருவி உண்டு. தொடக்கத்தில் நேர்விளிம்பே அழகுதான்.

அடுத்து, சாளர அட்டையையும் அதே அளவுள்ள பின்னட்டையையும் மேல் விளிம்புகள் ஒட்டி நிற்குமாறு படுக்க வைத்து, பசையிட்ட துணி நாடாவால் இணையுங்கள். இப்போது இரண்டும் புத்தக அட்டைபோல் திறந்து மூடும். படத்தைப் பின்னட்டையின்மேல் வைத்து, சாளரத்தை மூடிப் பார்த்து, இடத்தைச் சரிசெய்யுங்கள்.

படத்தை நிறுத்துவதற்குப் பசை வேண்டா. மூலைப் பைகள் போதும். அமிலமற்ற தாளில் 8 மில்லிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள நான்கு துண்டுகளை வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து இரு முனையும் கீழ்நோக்கிச் சாய்த்து மடித்தால் சிறு முக்கோணப் பை கிடைக்கும். படத்தின் மூலையை அதனுள் செருகி, பையின் வால்களை மட்டும் படத்திற்கு அடியில் பின்னட்டையோடு கோதுமை மாவுப் பசையால் ஒட்டுங்கள். பசை உலரும்வரை படத்தை எடுத்து வைத்துவிடுவது நன்று. மூலைக்கும் பைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் தளர்வு விட வேண்டும். நாளை எவரேனும் படத்தை எடுக்க விரும்பினால், வளைத்து உருவினால் போதும். நாம் சொன்ன இரண்டாம் விதி இங்கே நிறைவேறுகிறது.

கண்ணாடியைத் துடைக்கும்போது நீரைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியின்மேல் தெளிக்காதீர்கள். நன்கு உலர்ந்த பின்னரே படத்தின்மேல் வையுங்கள். உள்ளே சிக்கிய ஒரு துளி நீர் பல மாதம் வேலை செய்யும். கண்ணாடி, சாளர அட்டை, படம், பின்னட்டை என்ற வரிசையில் அடுக்கிச் சட்டத்துள் வையுங்கள். பின்னட்டைக்கும் ஹார்டுபோர்டுக்கும் இடையே சமையலறை அலுமினியத் தாளை விரித்தால், பலகையின் அமில ஆவி படத்தை அணுகாது. சிற்றாணிகளைச் சட்டத்தின் உட்புறத்தில் பக்கவாட்டாகச் செலுத்தி, விளிம்பு முழுவதும் தாள் நாடா ஒட்டிப் பூச்சியும் தூசியும் புகாமல் அடைத்துவிடுங்கள்.

இக்காலத்து இங்க்ஜெட் அச்சுப் படங்களுக்கு ஒரு குறிப்பு. அச்சான உடனே சட்டமிட்டால் மையிலுள்ள ஈரப்பொருள் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோல் படியும். வெற்றுத் தாளால் மூடி ஒரு நாளாவது உலரவிட்டே சட்டமிட வேண்டும்.

மாட்டும் இடம்

பழைய வீடுகளில் படங்களை உயரத்தில் முன்பக்கம் சாய்த்து மாட்டும் வழக்கம் உண்டு. பாயில் அமர்ந்திருப்போர் அண்ணாந்து பார்க்க அது வசதி. அதில் மற்றொரு நன்மையும் இருந்தது: படத்தின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடிற்று. இன்று நாம் படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டுகிறோம். ஆகவே சட்டத்தின் பின்புறம் அடி மூலைகளில் இரு கார்க்குத் துண்டுகளை ஒட்டி இடைவெளி உண்டாக்க வேண்டும். மழைச்சாரல் தாக்கும் வெளிச்சுவரும், குளியலறையை ஒட்டிய சுவரும், சன்னலுக்கு எதிர்ச்சுவரும் படத்திற்கு ஆகா.

மறைந்தோர் படத்திற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, கீழே விளக்கேற்றுவது நம் மரபு. அதனை விட வேண்டுவதில்லை. சிறிது கருத்துடன் செய்தால் போதும். கரைத்த சந்தனம் கண்ணாடியில் வழிந்து கீழ் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். ஈர மாலையும் அவ்வாறே. பல வீடுகளில் பழைய படத்தின் அடிப்பகுதி முதலில் கறைபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கெட்டியாகக் குழைத்த சந்தனத்தைச் சிறு பொட்டாக இடலாம். விளக்கைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

பழைய படம் கையில் வந்தால்

இனி மிக முக்கியமான செய்தி. பழைய அட்டையில் ஒட்டிய படம் கிடைத்தால் அட்டையைப் பிய்த்தெறிய முயலாதீர்கள். படம் கிழியும் என்பது ஒன்று. அட்டையிலுள்ள நிலையத்தின் பெயர், ஊர், பின்புறத்தில் எவரோ எழுதிய தேதி, உறவு முறை ஆகியவை அப்படத்தின் வரலாறு என்பது மற்றொன்று. பெயரற்ற முகம் இரண்டு தலைமுறைக்குள் அயலார் முகமாகிவிடும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தையும் உரிக்கலாகாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு, படப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்ட வேண்டும்.

இன்னுமொன்று. எத்துணை நல்ல சட்டமாயினும் ஒளியை முற்றிலும் தடுக்காது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் மங்குதலைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது. ஆகவே ஒன்றே ஒன்றாய் எஞ்சிய படத்தைச் சுவரில் மாட்டாதிருத்தலே அறிவுடைமை. நல்ல படி ஒன்று அச்சிட்டு அதற்குச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். மூலத்தை அமிலமற்ற உறையிலிட்டு, பெட்டியுள், பரணிலன்றி, வீட்டின் வறண்ட நடு அறையில் வையுங்கள். பரணில் வெப்பம் மிகுதி. பார்ப்பது படியையே ஆயினும் காப்பது மூலத்தை.

மாணவர் மன்றங்கள் ஆண்டுதோறும் குழுப்படம் எடுக்கின்றன. அதற்குச் சட்டமிடும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் ஒரு வேலையை மறவாதீர்கள். படத்தில் நிற்போர் பெயர்களை வரிசைப்படி, இடமிருந்து வலமாக, ஆண்டுடன் ஒரு தாளில் எழுதி, பின்னட்டையின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். எழுத ஐந்து நிமிடம் ஆகும். ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் அதனைத் திறந்து பார்ப்பவர்க்கு அவ்வைந்து நிமிடம் வேறு எவ்வகையாலும் கிடைக்காது.